கழுதை ஆட்டம்: ஆறு பேருக்குச் சொல்லித் தரணும், எங்கே ஆரம்பிக்கிறது?

தேவனாம்பட்டினம் காத்து:

பொங்கல் லீவுக்குக் கடலூர்ல ஆறு பேர் கூடுறோம். நாலு பேருக்கு ரம்மி தெரியும். மத்த ரெண்டு பேருக்கு ஊனோ தவிர வேற எதுவும் தெரியாது. ரம்மின்னா பாயிண்டு, காசுன்னு போயிடும், அதனால கழுதை ஆடலாம்னு பேசி வச்சிருக்கோம்.

கையில இருக்கிற சீட்டைத் தீர்க்கணும், கடைசியில சீட்டோட நிக்கிறவன் கழுதை. இந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முழு விதி என்ன, ஆறு பேருக்கு எப்படிப் போடுறது, புதுசா வர்றவங்களுக்கு எந்த வரிசையில சொல்லித் தரணும், சண்டை எங்கே வரும்? விவரமா சொல்லுங்க. வெள்ளிக் கடற்கரையில உட்கார்ந்து ஆடலாம்னு ஒரு யோசனையும் இருக்கு.

மஞ்சக்குப்பம் ஜாக்கி:

முதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணிக்குங்க. கழுதைங்கிற பேர்ல ரெண்டு ஆட்டம் இருக்கு. ஆளுக்கு நாலு சீட்டு வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா பக்கத்து ஆளுக்குத் தள்ளி, நாலும் ஒரே மாதிரி சேர்ந்ததும் நடுவுல கையை வைக்கிறது ஒண்ணு. கடைசியா கை வச்சவன் கழுதை. அது சின்னப் பசங்க ஆட்டம், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். நீங்க கேக்கிறது இன்னொண்ணு, வெட்டு வர்ற ஆட்டம். சில வீட்டுல அதை ஏஸ் ஆட்டம்னும் சொல்லுவாங்க. ஆறு பேரையும் உட்கார வச்சதும் எந்தக் கழுதைன்னு முதல்லயே சொல்லிடுங்க. இல்லேன்னா பாதி ஆட்டத்துல ஒருத்தர் நடுவுல கையை வைப்பார்.

இப்ப விதி. ஜோக்கரை எடுத்துட்டு 52 சீட்டையும் பிரிச்சுப் போடணும், மிச்சம் வைக்கக் கூடாது. நாலு பேர்னா ஆளுக்கு 13. அஞ்சு பேர்னா மூணு பேருக்கு 10, ரெண்டு பேருக்கு 11. ஆறு பேர்னா நாலு பேருக்கு 9, ரெண்டு பேருக்கு 8. ஒரு சீட்டு கூடக் குறைய வர்றதைப் பத்திக் கவலை வேண்டாம், சீட்டு போடுற ஆள் மாறி மாறி வர்றதால அது சரியாயிடும். ஏஸ்தான் பெரிசு, அப்புறம் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, கடைசியில ரெண்டு. துருப்பு கிடையாது.

ஸ்பேட் ஏஸ் யார் கையில இருக்கோ அவர் அதைப் போட்டு ஆரம்பிக்கணும். எல்லாரும் வரிசையா ஸ்பேட் போடணும். ஸ்பேட் இல்லாதவர் எதை வேணாலும் போடலாம். இந்த முதல் சுத்துக்கு மட்டும் வெட்டு கிடையாது. விழுந்த சீட்டெல்லாம் கழிச்சுக் கட்டின குவியலுக்குப் போயிடும், கவுத்துப் போட்டுடணும், அப்புறம் யாரும் புரட்டிப் பாக்கக் கூடாது. ஏஸ் போட்டவரே மறுபடி இறங்குவார், அதாவது அடுத்த சுத்தோட முதல் சீட்டைப் போடுவார், இப்ப ஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர்னு எந்த இனத்துல வேணாலும்.

இனிமேதான் ஆட்டம். இறங்கின இனத்தையே எல்லாரும் போட்டா அந்தச் சீட்டுகளும் குவியலுக்குப் போகும், பெரிய சீட்டு போட்டவர் அடுத்து இறங்குவார். யாராவது ஒருத்தர்கிட்ட அந்த இனம் இல்லேன்னா அவர் வேற இனச் சீட்டு ஒண்ணைப் போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்ததும் சுத்து அங்கேயே நிக்கும். இறங்கின இனத்துல அதுவரைக்கும் யார் பெரிய சீட்டு போட்டாரோ அவர் கீழே கிடக்கிறது மொத்தத்தையும் அள்ளிக் கையில சேர்த்துக்கணும், அடுத்த இறக்கமும் அவரோடதுதான். வெட்டின சீட்டு எவ்வளவு பெரிசுங்கிறது கணக்கே இல்ல. ரம்மிக்காரங்களும் துருப்பு ஆடினவங்களும் இங்கதான் முதல்ல தடுமாறுவாங்க, வெட்டினவர் ஜெயிச்சிட்டார்னு நினைப்பாங்க. வெட்டினவர் ஒண்ணைத் தொலைச்சிட்டார், அவ்வளவுதான்.

கை காலியான ஆள் தப்பிச்சிட்டார். கடைசி ஆள் கழுதை. கழுதையான ஆள்தான் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு கலைக்கணும்.

சொல்லித் தர்ற வரிசை: முதல் ஆட்டத்துல முழுக் கட்டையும் எடுக்காதீங்க. ஏஸ்ல இருந்து ஒன்பது வரைக்கும் மட்டும் நாலு இனத்துலயும் எடுத்தா 24 சீட்டு. நாலு பேருக்கு ஆறு ஆறா போட்டு, சீட்டை முகம் தெரியற மாதிரி எல்லார் முன்னாலயும் விரிச்சு வச்சு ஆடுங்க. மத்த ரெண்டு பேர் பக்கத்துல உட்கார்ந்து பாக்கட்டும். ஒரு இனத்துக்கு ஆறே சீட்டு இருக்கிறதால அதே இனம் ரெண்டாவது தடவை ஓடும்போதே வெட்டு வந்தே தீரும், அதனால யார் எதுக்காக அள்ளினாங்கன்னு எல்லாருக்கும் கண்ணெதிர புரியும். இப்படி ரெண்டு ஆட்டம் போதும், பதினைஞ்சு நிமிஷம்கூட ஆகாது. மூணாவது ஆட்டத்துல சீட்டை மறைச்சு, முழுக் கட்டோட போயிடலாம். விதி மொத்தத்தையும் வாயால சொல்லி முடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, பாதிப் பேர் செல்லை எடுத்திடுவாங்க.

முத்தியால்பேட்டை கணக்கு:

ஜாக்கி சொன்ன விதி சரி. புதியவர்கள் தொடர்ந்து கழுதை ஆவதற்குக் காரணம் விதி தெரியாதது அல்ல. பெரிய சீட்டைப் பத்திரப்படுத்தும் பழக்கம்தான். இந்த ஆட்டத்தில் ஏஸும் ராஜாவும் சொத்து அல்ல, கடன். எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறோமோ அவ்வளவு நல்லது. எப்போது அடைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு இனத்தில் 13 சீட்டு. நான்கு பேர் ஆடும்போது வெட்டில்லாத ஒரு சுற்றுக்கு நான்கு சீட்டு கழியும். அப்படி அதிகபட்சம் மூன்று சுற்று ஓடலாம், 12 போய்விடும், பதின்மூன்றாவது யாரிடமோ தனியாகக் கிடக்கும். அந்தத் தனிச் சீட்டோடு இறங்கினால், அது வெறும் இரண்டாக இருந்தாலும் அடுத்தவர் வெட்டுவார், இறங்கியவரே அள்ள வேண்டியதுதான். ஆறு பேர் என்றால் இரண்டு சுற்றிலேயே 12 தீர்ந்துவிடும்.

நடைமுறையில் அவ்வளவு தூரம்கூடப் போகாது. சீட்டு போட்டவுடன் ஒரு குறிப்பிட்ட இனம் யாராவது ஒருவர் கையில் அறவே இல்லாமல் இருக்கும் வாய்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஆட்டத்தில் அது நூற்றுக்கு 5. ஐந்து பேர் என்றால் 17. ஆறு பேர் என்றால் 36. நான்கு பேர் ஆட்டத்தில் ஒரு இனத்தின் முதல் சுற்று கிட்டத்தட்ட பத்திரம், ஏஸைத் துணிந்து இறக்கலாம். ஆறு பேர் ஆட்டத்தில் மூன்று முறைக்கு ஒரு முறை முதல் சுற்றிலேயே வெட்டு விழும். நான்கு பேரோடு ஆடிப் பழகியவர் ஆறு பேரோடு உட்கார்ந்து, "இன்னைக்கு நேரம் சரியில்ல" என்று புலம்புவது இதனால்தான். நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதிலிருந்து சில பழக்கங்கள் தாமாக வந்துவிடும். முதல் சுற்றில் வெட்டு இல்லை அல்லவா? அப்போதே உங்களிடம் உள்ள மிகப் பெரிய ஸ்பேடைப் போட்டுவிடுங்கள். ஸ்பேட் ராஜாவை இலவசமாகக் கழிக்க இதைவிட நல்ல இடம் ஆட்டம் முழுக்கக் கிடைக்காது. ஸ்பேடே இல்லாதவருக்கு இன்னும் யோகம், வேறு இனத்து ஏஸை அதில் தள்ளிவிடலாம்.

உங்களிடம் நிறைய இருக்கும் இனத்தில் இறங்காதீர்கள். கையில் டைமண்ட் ஐந்து இருந்தால் மீதி எட்டுதான் மற்ற ஐந்து பேரிடமும் இருக்கிறது, ஒருவரிடமாவது இல்லாமல் போகும் வாய்ப்பு அதிகம். கையில் இரண்டே இரண்டு இருக்கிற இனத்தில், அதில் பெரியதோடு, ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே இறங்குங்கள். அந்த இனம் சீக்கிரம் தீர்ந்தால் அடுத்த முறை வெட்டுகிறவர் நீங்கள்.

சுற்றின் கடைசி ஆளாக இருந்து, உங்களுக்கு முன் எல்லாரும் அதே இனம் போட்டிருந்தால் வெட்ட ஆள் இல்லை. அப்போது ஏஸ் இருந்தாலும் போடலாம். அடுத்த இறக்கம் உங்கள் தலையில் விழும் என்பது மட்டும்தான் விலை. ஆரம்பத்தில் அது சின்ன விலை. கையில் நான்கைந்து சீட்டு மட்டும் இருக்கும்போது பெரிய விலை.

ஒரு சுற்றை நெருக்கத்தில் பார்ப்போம். அ, ஆ, இ, ஈ என நான்கு பேர், அந்த வரிசையிலேயே ஆடுகிறார்கள். கிளாவர் இரண்டு சுற்று ஓடி எட்டு கழிந்துவிட்டது. மிச்சம் 3, 7, 10, ராணி, ராஜா. அ-விடம் 7, ராஜா. ஆ-விடம் 10. இ-யிடம் கிளாவர் இல்லை. ஈ-யிடம் 3, ராணி. இறக்கம் அ-வுடையது. "ராஜாவைத் தொலைத்துவிடலாம்" என்று ராஜாவோடு இறங்கினால், ஆ 10 போடுவார், இ வெட்டுவார், ராஜா போட்ட அ-வே மூன்றையும் அள்ள வேண்டும். அதே அ 7-ஓடு இறங்கினால் ஆ வேறு வழியில்லாமல் 10 போடுவார், இ வெட்டுவார், அள்ளுவது ஆ. அதே சீட்டுகள்தான், ஆள் மட்டும் மாறுகிறார்.

இப்போது ஆ-வும் இ-யும் இடம் மாறி உட்கார்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அ எதோடு இறங்கினாலும் அடுத்த ஆள் உடனே வெட்டுவார், கீழே கிளாவர் என்று அ-வின் சீட்டு மட்டுமே கிடக்கும், அள்ளுவதும் அ-தான். ஆகவே எந்த இனம் எத்தனை முறை ஓடியது என்று எண்ணுவதோடு, உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் எது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லார் கையையும் நினைவில் வைக்க முடியாவிட்டால் அந்த ஒருவரை மட்டும் கவனித்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

வில்லியனூர் அக்கா:

கணக்கெல்லாம் சரிதான் தம்பி, ஆனா கேட்டவர் சண்டை எங்கே வரும்னும் கேட்டிருக்கார். அதுக்கு யாரும் வாய் திறக்கல.

சீட்டைப் போடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பேசி முடிச்சிடுங்க.

வெட்டினதும் சுத்து நிக்குமா, இல்ல எல்லாரும் போட்டு முடிக்கணுமா? ஜாக்கி நிக்கும்னு சொல்றார். சில வீட்டுல சுத்து முழுசா முடிஞ்ச பிறகுதான் அள்ளுவாங்க. அப்படி ஆடினா அள்ளுற ஆளுக்குச் சுமை ஏறும், ஆட்டம் நீளும். ஆறு பேருக்கு நிறுத்துற விதியே நல்லது.

கடைசிச் சீட்டைப் போட்டார், யாரும் வெட்டல, அவர் போட்டதுதான் பெரிசு. அடுத்து இறங்க வேண்டியவர் அவர், ஆனா கையில ஒண்ணும் இல்ல. இங்கதான் எப்பவும் வாக்குவாதம். ஒரு வழக்கத்துல அவர் தப்பிச்சிட்டார்னு விட்டுட்டு அடுத்த ஆள் இறங்குவார். இன்னொரு வழக்கத்துல கழிச்ச குவியலைக் கலைச்சு அதுல இருந்து கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு உருவி அதோட இறங்கணும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு முதல் வழக்கம் போதும். எதுவானாலும் முதல்லயே சொல்லிடணும், அந்த நேரத்துல சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

கையில அந்த இனத்தை வச்சுக்கிட்டே வெட்டுறது. ஏமாத்தணும்னு செய்றவங்க கொஞ்சம்தான், கவனிக்காம செய்றவங்கதான் நிறைய. காரணம் ஆட்டினும் டைமண்டும் ரெண்டும் சிவப்பு, பக்கத்துல பக்கத்துல அடுக்கி வச்சிருப்பாங்க. கையில சீட்டு அடுக்கும்போது ஸ்பேட், ஆட்டின், கிளாவர், டைமண்டுன்னு கறுப்பு சிவப்பு மாத்தி மாத்தி அடுக்கச் சொல்லிக் கொடுங்க, முக்கால்வாசித் தப்பு நின்னு போகும். கரண்ட் போயி எமர்ஜென்சி லைட்ல ஆடுறப்ப இது ரொம்ப முக்கியம். அடுத்த சீட்டு விழுறதுக்குள்ள கண்டுபிடிச்சா திரும்ப எடுத்துக்க விட்டுடலாம். அதுக்கப்புறம் அதே இனம் அவர் கையில இருந்து வெளிய வந்து மாட்டினா, அப்ப கீழே கிடக்கிறதை அவரே அள்ளணும். பழைய சுத்தைத் திருப்பி ஆடலாம்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, விடிஞ்சிடும்.

அப்புறம் வாய். "என்கிட்ட கிளாவர் இல்லப்பா"ன்னு பெருமூச்சு விடுறது, முகத்தைச் சுளிச்சுப் பக்கத்து ஆளுக்குச் சைகை காட்டுறது. தப்பிச்சு வெளிய போனவங்கதான் இதுல மோசம், பொழுது போகாம பின்னால நின்னு அடுத்தவர் கையைப் பார்த்துட்டு அறிவுரை சொல்லுவாங்க. தப்பிச்சவங்க டீ போடப் போகணும்னு ஒரு விதி வச்சிடுங்க, ரெண்டு வேலை ஆகும்.

ஆட்டம் தொடங்குறதுக்கு முன்ன 52 இருக்கான்னு எண்ணுங்க. வீட்டுக் கட்டுல எப்பவும் ஒண்ணு காணாமப் போயிருக்கும். ரம்மியில ஒரு சீட்டு குறைஞ்சா சமாளிக்கலாம். இங்க ஒரு இனத்துல 12 தான் இருக்குன்னா எண்ணுறவங்க கணக்கே தப்பாயிடும். காணாமப் போன சீட்டு எதுன்னு கண்டுபிடிச்சு, அதே கட்டோட ஜோக்கர் மேல மார்க்கர்ல எழுதி உள்ள சேர்த்துடுங்க. வேற கட்டுச் சீட்டைச் சேர்த்தா முதுகு காட்டிக் கொடுத்திடும்.

தேவனாம்பட்டினம் காத்து:

ரொம்ப நன்றி. மூணு சந்தேகம். ஒண்ணு, வெட்டும்போது எந்தச் சீட்டைப் போடணும்? கையில இருக்கிறதுல பெரிசையேவா? ரெண்டு, மொத்தமா அள்ளிட்டா அதுக்கப்புறம் மீள வழி இருக்கா? மூணு, வர்ற ஆறு பேர்ல ஒருத்தர் பாண்டிக்காரர், பிரான்சுல இருக்கார், அங்கேயிருந்து ஒரு சீட்டுக்கட்டு கொண்டு வர்றாராம். அதுல ஆடலாமா?

நெல்லித்தோப்பு தாத்தா பேரன்:

மூன்றாவதற்கு நான் சொல்கிறேன். முதலில் அந்தக் கட்டில் எத்தனை சீட்டு என்று கேளுங்கள். பிரான்சில் பெலோத் என்ற ஆட்டத்துக்கு 32 சீட்டுக் கட்டு விற்கும், ஏழு முதல் ஏஸ் வரை மட்டும், இரண்டிலிருந்து ஆறு வரை கிடையாது. 52 சீட்டுக் கட்டும் கிடைக்கும். மேலுறையை வைத்து முடிவு செய்யாமல் எண்ணிப் பாருங்கள்.

52 என்றால் தாராளமாக ஆடலாம், எழுத்தை மட்டும் முதலிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். ராஜா சீட்டின் மூலையில் ஆர் இருக்கும், பிரெஞ்சில் ருவா. ராணிக்கு டி, அதாவது தாம். ஜாக்கிக்கு வி, வலே. ஏஸுக்குப் பல கட்டுகளில் ஒன்று என்ற எண்தான் இருக்கும். இதுதான் ஆபத்து. ஒன்று என்று பார்த்ததும் புதியவர் அதை எல்லாவற்றிலும் சின்னது என்று நினைத்துத் தைரியமாகப் போடுவார், வெட்டு விழும், அள்ளும்போது அவருக்குக் காரணமே புரியாது. டி-யை டைமண்ட் என்று நினைப்பவர்களும் உண்டு. படச்சீட்டுகளில் பெயர்கூட அச்சிட்டிருக்கும், ஸ்பேட் ராஜா தாவீது, ஆட்டின் ராஜா சார்ல், டைமண்ட் ராஜா சீசர், கிளாவர் ராஜா அலெக்சாண்டர். ஆட்டத்துக்கு இது தேவையில்லை, ஆனால் ஒருவராவது கேட்பார்.

32 சீட்டுக் கட்டு என்றால் ஆறு பேருக்கு வேண்டாம். நான்கு பேருக்கே எட்டு எட்டுதான் வரும், ஒரு இனத்திலும் எட்டே சீட்டு. முத்தியால்பேட்டைக்காரர் முறையில் கணக்குப் போட்டால், ஒரு இனம் யாரோ ஒருவரிடம் அறவே இல்லாமல் போகும் வாய்ப்பு நான்கு பேருக்கே நூற்றுக்கு 27. அள்ளுவதும் வெட்டுவதுமாக ஓடும். நான்கு பேர் விறுவிறுவென்று ஆட அது நன்றாகவே இருக்கும்.

மஞ்சக்குப்பம் ஜாக்கி:

வெட்டுறதுக்கு எந்தச் சீட்டு? பெரிசு போட்டாப் போதும்னு சொல்றது பாதிதான் சரி. பெரிசு எந்த இனத்துலன்னு பாக்கணும். இன்னும் ஓடவே ஓடாத இனத்துல ஏஸ் இருந்தா அது அப்புறமும் கழியும், அவசரமில்ல. ஏற்கனவே ரெண்டு சுத்து ஓடின இனத்துல ஒத்தை ராணி இருந்தா அதுதான் குண்டு, அதைத் தள்ளுங்க. ரெண்டும் இல்லேன்னா, கையில ஒண்ணே ஒண்ணு இருக்கிற இனத்தைப் போட்டுத் தீர்த்துடுங்க, அடுத்து அந்த இனத்துலயும் வெட்டலாம்.

தள்ளின சீட்டு யார்கிட்ட போச்சுங்கிறதை மறக்காதீங்க. ஆட்டின் ராஜாவால வெட்டி ஒருத்தர் தலையில கட்டிட்டீங்கன்னா, அந்த ராஜா இப்ப அவர்கிட்ட. அது வெளிய வர்ற வரைக்கும் அவர்தான் அந்த இனத்துல கவலைப்படணும்.

அள்ளிட்டா மீள முடியுமா? முடியும், ஆனா பதறக் கூடாது. அள்ளினவர் பொதுவா செய்ற தப்பு, அள்ளின இனத்துலயே உடனே மறுபடி இறங்குறது. வெட்டினவர்கிட்ட அந்த இனம் இல்லேன்னு இப்பத்தான் கண்ணால பாத்தீங்க, அதே இனத்தைப் போட்டா மறுபடி வெட்டுவார், மறுபடி அள்ளுவீங்க, கை குண்டாகிக்கிட்டே போகும். அந்தச் சீட்டுகளை ஓரமா வச்சிட்டு, எல்லார்கிட்டயும் இன்னும் இருக்கும்னு தோணுற வேற இனத்துல இறங்குங்க. அதோட, கையில கம்மியா இருக்கிற ஒரு இனத்தை முதல்ல காலி பண்ணுங்க. அது காலியானா அந்த இனம் வர்றப்பல்லாம் அள்ளின சீட்டை ஒவ்வொண்ணா வெட்டாப் போட்டு இறக்கிடலாம். அள்ளின குவியல் அப்படித்தான் கரையும்.

ஊனோ மட்டும் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட ஒண்ணு அழுத்திச் சொல்லுங்க. அங்க நிறமோ எண்ணோ ஏதாவது ஒண்ணு பொருந்தினாப் போதும். இங்க எண் பொருந்துறதுக்கு மதிப்பே இல்ல, இனம்தான். ஏழு மேல ஏழு போட்டுட்டு "பொருந்திடுச்சு"ன்னு உட்கார்ந்திருப்பாங்க. அது வெட்டுன்னு அவங்களுக்கே தெரியாது.

முத்தியால்பேட்டை கணக்கு:

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று, கலைப்பது. இந்த ஆட்டத்தில் கழிந்த சீட்டு இனம் இனமாகவே குவியலில் விழும், நாலு ஸ்பேட், நாலு டைமண்ட் என்று. நாலு பேர் ஆடிவிட்டு, மேலோட்டமாகக் குலுக்கி ஒவ்வொன்றாகப் போட்டால் அந்த நாலு ஸ்பேடும் ஆளுக்கு ஒன்றாகவே போய்ச் சேரும். எல்லார் கையிலும் எல்லா இனமும் சமமாக வந்து, வெட்டே விழாமல் ஆட்டம் சப்பென்று ஓடும். சலிப்பாக இருக்கிறது என்று ஆட்டத்தின் மேல் பழி போடுவார்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று விட்டு விசிறிக் கலைக்கும் முறையில் ஏழு தடவை கலைத்தால் 52 சீட்டும் போதுமான அளவு கலையும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணிதக்காரர்கள் 1992-ல் காட்டியிருக்கிறார்கள். அப்படிக் கலைக்க வராதவர்கள் தரையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் துழாவிச் சேர்க்கலாம். பார்க்க அழகில்லை, ஆனால் நன்றாகக் கலையும்.

கலைத்தபின் பக்கத்து ஆள் கட்டைப் பிரித்துத் தருவதையும் "வெட்டுவது" என்றுதான் சொல்கிறோம். புதியவர்களுக்கு அதுவும் இதுவும் குழம்பும். முதல் நாள் மட்டும் அதைக் "கட்டைப் பிரி" என்றே சொல்லுங்கள்.

வில்லியனூர் அக்கா:

கடற்கரையைப் பத்தி ஒருத்தரும் சொல்லல. சாயங்காலம் கடல் காத்துல காகிதச் சீட்டு நிக்கவே நிக்காது. கழிச்ச குவியல் பறந்து முகம் தெரிஞ்சாலே ஆட்டம் கெட்டுப்போச்சு. ஆடித்தான் ஆகணும்னா முழு பிளாஸ்டிக் சீட்டு வாங்கிக்குங்க, குவியல் மேல செருப்பு வைக்காம ஒரு கல்லையோ தண்ணி பாட்டிலையோ வைங்க, காத்துக்கு முதுகு கொடுத்து நெருக்கமா உட்காருங்க. மணல் இன்னொரு தொல்லை. சீட்டுக்கு நடுவுல போயிக் கீறிடும், கீறல் விழுந்த சீட்டை முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடிச்சிடலாம். பெட்ஷீட்டை விட கனமான பாய் நல்லது.

காகிதச் சீட்டை மழைக்காலம் முழுக்க வெளியிலயே போட்டு வச்சிருந்தா ஈரக்காத்துல உப்பி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். ஒருத்தருக்கு ரெண்டா விழுந்து, கணக்கு உதைக்கும். டப்பாவுல போட்டு மூடி வைங்க. என்னைக் கேட்டா கடற்கரைக்குச் சுண்டல் சாப்பிடப் போங்க, சீட்டைத் திண்ணையில ஆடுங்க. அதோட பொது இடத்துல சீட்டும் கையுமா வட்டமா உட்கார்ந்தா காசு வச்சு ஆடுறதாத்தான் பாக்குறவங்க நினைப்பாங்க, போலீஸ் வந்து நின்னா விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கணும்.

தேவனாம்பட்டினம் காத்து:

சரிக்கா, திண்ணைதான். கடைசியா ஒண்ணு. ரெண்டே பேர் மிஞ்சினப்புறம் யார் கழுதைன்னு அதிர்ஷ்டம்தானா, இல்ல அங்கயும் ஏதாவது செய்ய முடியுமா?

முத்தியால்பேட்டை கணக்கு:

அங்கே இறக்கம் யாருடையது என்பதே பெரும்பாலும் தீர்ப்பு. அ-விடம் ஆட்டின் 5 மட்டும். ஆ-விடம் ஸ்பேட் 9, டைமண்ட் 2. ஆ இறங்க வேண்டியிருந்தால், எதைப் போட்டாலும் அ தன் 5-ஆல் வெட்டிக் கை காலியாகிப் போய்விடுவார், ஆ கழுதை. அதே கையோடு இறக்கம் அ-வுடையதாக இருந்தால், 5 போடுவார், ஆ 9-ஆல் வெட்டுவார், அ இரண்டையும் அள்ளி மறுபடி இறங்குவார், ஆ தன் 2-ஆல் வெட்டிப் போய்விடுவார். ஒரே சீட்டு வைத்திருந்த அ கழுதை. இருவர் கையிலும் பொது இனம் இல்லாவிட்டால், எதிராளி தவறு செய்தால் ஒழிய இறங்குகிறவர் தப்ப முடியாது.

பொது இனம் ஒன்று இருந்தால் மட்டும் வழி உண்டு. அந்த இனத்தில் எதிராளியிடம் இருப்பதைவிடச் சின்னதோடு இறங்குங்கள். அவர் பெரியதைப் போட்டே ஆக வேண்டும், இரண்டும் கழியும், அடுத்த இறக்கம் அவருடையதாகிவிடும். இதற்காகத்தான் மூன்று பேர் மிஞ்சும்போதே ஒரு சின்னச் சீட்டை, எதிராளியிடமும் இருக்கும் இனத்தில், செலவழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இரண்டும் மூன்றும்தான் கடைசியில் காப்பாற்றும், முதல் பத்து நிமிடத்தில் அவற்றைக் கழித்துவிட்டு ராஜாக்களோடு நிற்காதீர்கள்.

மஞ்சக்குப்பம் ஜாக்கி:

அப்படிச் சின்னச் சீட்டை ஒளிச்சு வைக்கிறப்ப ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த இனம் எதிராளிகிட்ட இருக்குன்னு நீங்க பாத்திருக்கணும், அவர் அள்ளினப்பவோ, வேற யாராவது வெட்டா தள்ளினப்பவோ. ஊகத்துல இறங்கினா அவர் வெட்டிட்டு டீ போடப் போயிடுவார்.